உணவு வழி நச்சுகளும் மார்பகப் புற்றுநோயும்: கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மஞ்சக்குப்பத்தில் என் சித்திக்கு மார்பகப் புற்றுநோய் என்று உறுதியான வாரத்தில், நலம் விசாரிக்க வந்தவர்கள் ஆளுக்கொரு காரணத்தைக் கையோடு கொண்டுவந்தார்கள். கத்திரிக்காய்க்கு அடிக்கும் மருந்து என்றார் ஒருவர். பாக்கெட் பால் என்றார் இன்னொருவர். எதிர்வீட்டு அம்மாள் கைபேசியில் வந்த செய்தியைச் சத்தமாகவே படித்துக் காட்டினார். எல்லோரும் போன பிறகு, முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே சித்தி கேட்டார்: "முப்பது வருடமாக இந்த வீட்டுக்குச் சமைத்தது நான்தானே. அப்படியென்றால் நானேதான் வரவழைத்துக்கொண்டேனா?"

அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு படித்தேன். மருத்துவர்களிடம் கேட்டேன். மீன் விற்பவர்களிடமும் காய்கறி பயிரிடுபவர்களிடமும் கேட்டேன். இப்போது சித்திக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: இல்லை சித்தி, நீங்கள் வரவழைக்கவில்லை. ஒரு பெண்ணுக்கு வந்த புற்றுநோயை அவர் சாப்பிட்ட ஓர் உணவோடு முடிச்சுப் போட எந்த மருத்துவராலும் முடியாது. ஆனால் உணவு வழியாக உடம்பில் சேரும் சில நச்சுகள் மார்பகத்தைத் தொடுகின்றன என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அவற்றைக் குறைக்க வழியும் இருக்கிறது. அந்த முயற்சியை வீட்டில் வளரும் பெண் பிள்ளையின் தட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. காரணத்தை இரண்டாம் படியில் சொல்கிறேன்.

முதல் படி: மூன்று குவியலாகப் பிரியுங்கள்

இந்தியப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் இதுதான். 2022இல் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக வந்தது என்றும், சுமார் 98,000 பேர் இறந்தார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டுள்ளது. இவர்களில் பரம்பரை மரபணுக் கோளாறால் நோய் வந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்தான். மற்றவர்களுக்கு வயது, மாதவிடாய் வரலாறு, பிள்ளைப்பேறு, எடை, மது, சுற்றுச்சூழல் என்று பல இழைகள் சேர்ந்து முறுகிய கயிறு அது. அதில் உணவு நச்சும் ஓர் இழை.

எனவே, கேள்விப்படும் ஒவ்வொரு பயத்தையும் மூன்று குவியலில் ஒன்றில் போடுங்கள்.

முதல் குவியல், ஆதாரம் உறுதியானவை. மது இதில் முதலிடம். புதுச்சேரியில் மது எளிதாகக் கிடைக்கிறது. அளவாகக் குடித்தால் உடம்புக்கு நல்லது என்ற பேச்சும் கூடவே கிடைக்கிறது. மார்பகத்தைப் பொறுத்தவரை பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. தினம் ஒரு கோப்பை குடிக்கும் பெண்ணுக்கே ஆபத்து 7 முதல் 10 சதவீதம் கூடுகிறது. அடுத்தது, மாதவிடாய் நின்ற பிறகு ஏறும் எடை. அந்த வயதில் சூலகம் ஓய்ந்துவிட, உடம்பின் கொழுப்புத் திசுவே, மார்பகச் செல்களைப் பெருகத் தூண்டும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சுரக்கும் இடமாகிவிடுகிறது. கீரையைப் பத்து முறை கழுவிவிட்டு இந்த இரண்டையும் கவனிக்காமல் விட்டால் பயன் குறைவு.

இரண்டாம் குவியல், சந்தேகம் வலுவாகவோ ஓரளவோ இருப்பவை. டிடிடி என்ற பழைய பூச்சிக்கொல்லி, பிசிபி என்ற பழைய தொழிற்சாலை எண்ணெய்கள், குப்பை எரியும்போது உண்டாகும் டையாக்சின், எத்திலீன் ஆக்சைடு, அக்ரிலமைடு, காட்மியம் என்ற உலோகம், பிஸ்பீனால் ஏ ஆகியவை இதில் வரும். இந்த வழிகாட்டி பெரும்பாலும் இந்தக் குவியலைப் பற்றியதுதான்.

மூன்றாம் குவியல், கெடுதல் என்பது தெரிந்தாலும் மார்பகத்தோடு தொடர்பு காட்டப்படாதவை. பூஞ்சை பிடித்த நிலக்கடலையின் அஃப்ளடாக்சின் தாக்குவது கல்லீரலை. மீனில் தடவும் ஃபார்மலின் தொண்டைக்கும் இரத்தத்துக்கும் கேடு. மஞ்சள்தூளுக்கு நிறம் ஏற்றும் லெட் குரோமேட் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கிறது. 2024 பிப்ரவரியில் புதுச்சேரியில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது நினைவிருக்கும். சில நாட்களில் தமிழ்நாடும் தடை செய்தது. துணிச்சாயமான ரோடமின் பி அதில் இருந்ததுதான் காரணம். தடை மிகச் சரி. ஆனால் "பஞ்சுமிட்டாய் தின்றால் மார்பகப் புற்றுநோய்" என்று யாராவது அனுப்பினால், அதற்கு ஆதாரம் கிடையாது. இந்தக் குவியலில் உள்ளவற்றையும் தவிர்க்கத்தான் வேண்டும். மார்பகத்தின் பெயரைச் சொல்லிப் பெண்களைப் பயமுறுத்துவதுதான் தேவையில்லை.

இரண்டாம் படி: வீட்டில் உள்ளவர்களின் வயதைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஓக்லாந்து பகுதியில், 1959 முதல் 1967 வரை கர்ப்பிணிகளிடமும் புதிதாகப் பிள்ளை பெற்றவர்களிடமும் எடுத்த இரத்தத்தை உறையவைத்துப் பாதுகாத்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து அந்த இரத்தத்தில் டிடிடி எவ்வளவு இருந்தது என்று அளந்து, யாருக்கெல்லாம் மார்பகப் புற்றுநோய் வந்தது என்று பார்த்தார்கள். அங்கே டிடிடி பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது 1945இல். அப்போது 14 வயதைத் தாண்டியிருந்தவர்களிடம் தொடர்பு எதுவும் தெரியவில்லை. 14 வயதுக்கு உட்பட்டிருந்தவர்களில், இரத்தத்தில் டிடிடி அதிகம் இருந்தவர்களுக்கு 50 வயதுக்குள் நோய் வரும் ஆபத்து ஐந்து மடங்காக இருந்தது. இந்த முடிவு 2007இல் வெளியானது. 2015இல் அடுத்த தலைமுறையைப் பார்த்தார்கள்: தாயின் இரத்தத்தில் ஒரு வகை டிடிடி மிக அதிகமாக இருந்தபோது வயிற்றில் இருந்த மகள்களுக்கு ஆபத்து ஏறத்தாழ நான்கு மடங்கு.

இதற்கு நேர் எதிராக, நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் நோய் வந்த பெண்களின் இரத்தத்தை நடுவயதில் சோதித்து 2002இல் வெளியிட்ட பெரிய ஆய்வு, இதே வகை நச்சுகளுக்கும் நோய்க்கும் தொடர்பு இல்லை என்றது. முதலில் இது எனக்குக் குழப்பமாக இருந்தது. பிறகு புரிந்தது. ஐம்பது வயதில் இரத்தத்தைச் சோதித்தால், பத்து வயதில் உடம்பில் என்ன இருந்தது என்று தெரியாது. ஹிரோஷிமா, நாகசாகியில் அணுகுண்டின் கதிர்வீச்சிலும் இதே வயது வேறுபாட்டைத்தான் கண்டார்கள். குண்டு விழுந்தபோது சிறுமிகளாக இருந்தவர்களிடமே பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய் அதிகம்.

மார்பகம் பிறக்கும்போதே முழுமையாக உருவாகிவிடும் உறுப்பு இல்லை. தாயின் வயிற்றில் ஒரு முறை, பூப்படையும் காலத்தில் ஒரு முறை, முதல் கர்ப்பத்தில் ஒரு முறை என்று அது வேகமாக வளர்கிறது. பெருகும் செல்கள் எளிதில் காயப்படும். எனவே ஒரு கிலோ நல்ல மீன் வாங்க மட்டும் காசு இருக்கிறது என்றால், அது எட்டு வயதுப் பேத்திக்கும் கர்ப்பிணி மருமகளுக்கும் முதலில் போகட்டும். நம் வீடுகளில் நல்ல துண்டு ஆண்களின் தட்டுக்கே போகும் வழக்கம் இருக்கிறது. அதை மாற்றச் சொல்ல இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்தியாவில் விவசாயத்துக்கு டிடிடி 1989இல் தடை செய்யப்பட்டது. கொசு ஒழிப்புக்கு மட்டும் தொடர்ந்தது. எண்டோசல்ஃபான் என்ற பூச்சிக்கொல்லியை 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. ஆனால் இந்த வகை நச்சுகள் மண்ணிலும் கொழுப்பிலும் பல ஆண்டுகள் தங்கும். டையாக்சின் மனித உடம்பில் பாதியாகக் குறையவே 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும்.

தாய்ப்பால் பற்றி ஒரு வார்த்தை. கொழுப்பில் தங்கும் நச்சுகள் தாய்ப்பாலிலும் கலக்கும் என்பது உண்மை. அதைக் கேட்டுப் பயந்து பால் கொடுப்பதை நிறுத்திய ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். நிறுத்தாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் தாய்ப்பாலைத் தொடரவே சொல்கிறது. மொத்தமாகப் பன்னிரண்டு மாதம் பால் கொடுத்தால் தாயின் மார்பகப் புற்றுநோய் ஆபத்து 4.3 சதவீதம் குறைகிறது என்று 30 நாடுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2002இல் கண்டது.

மூன்றாம் படி: மீன் வாங்கும் இடமும் நறுக்கும் விதமும்

கடலூர்க்காரரிடம் மீனைக் குறைக்கச் சொல்வது, வெள்ளிக்கிழமையில் கோயிலுக்குப் போகாதே என்று சொல்வதைப் போல. நான் அதைச் சொல்லப் போவதில்லை. மீன் நல்ல உணவு. எந்த மீன், எங்கே பிடித்தது, எந்தப் பாகம் என்ற மூன்றை மட்டும் கேளுங்கள்.

முதலில் இடம். கடலூர் முதுநகருக்குத் தெற்கே, உப்பனாற்றின் கரையை ஒட்டி சிப்காட் தொழிற்பேட்டை 1980களில் வந்தது. மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி, ரசாயன ஆலைகள் அங்கே இயங்கிவந்துள்ளன. குடிகாடு, ஈச்சங்காடு போன்ற ஊர்க்காரர்கள் ஆற்று நீரின் நிறத்தையும் நாற்றத்தையும் பற்றி ஆண்டுக்கணக்காகச் சொல்லி வருகிறார்கள். கழிமுகச் சேற்றில் தங்குவதைச் சேற்றில் மேயும் உயிர்கள் உண்ணும்: மடவை, கெளுத்தி, ஆற்று நண்டு, இறால், மட்டி. கடலில் பிடித்த மீனுக்கும் தொழிற்சாலை ஓரத்து ஆற்றில் பிடித்ததற்கும் விலை வேறுபாடு இருக்கும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உள்ள வீடு கடல் மீனையே வாங்கட்டும். துறைமுகத்திலும் தேவனாம்பட்டினத்திலும் தேங்காய்த்திட்டிலும் விற்கும் அம்மாக்களிடம் "இது கடலா, ஆறா?" என்று கேட்டால் பெரும்பாலும் நேராகவே சொல்வார்கள். எனக்கு மீன் கொடுக்கும் அக்கா, "ஆற்று இறால்தான் தங்கச்சி, பிள்ளைக்கு வேண்டாம்" என்று கூடையை மூடிய நாள்கூட உண்டு.

அடுத்து மீனின் அளவு. சின்ன மீனைப் பெரிய மீன் தின்கிறது, அதை அதைவிடப் பெரிய மீன் தின்கிறது. ஒவ்வொரு படியிலும் நச்சு திரள்கிறது. எனவே நெத்திலி, கவலை, மத்தி, காணாங்கெளுத்தி, சங்கரா போன்றவை வாரம் முழுக்கச் சரி. சுறா, பெரிய சூரை, பெரிய வஞ்சிரம் ஆகியவை எப்போதாவது. விலை குறைந்த மீனே நல்ல மீனாகவும் இருப்பது நம் அதிர்ஷ்டம்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறுவதற்கென்று பால்சுறாவில் புட்டு செய்து கொடுப்பது நம் கடற்கரை வழக்கம். என் அம்மா எனக்கும் செய்து கொடுத்தார். பூண்டும் மிளகும் போட்டு உதிர்த்த அந்தப் புட்டின் சுவை எதற்கும் வராது. சுறாவில் சேர்வது முக்கியமாகப் பாதரசம். அது மார்பகத்தைவிடக் குழந்தையின் நரம்பு வளர்ச்சிக்குத்தான் கேடு. பால்சுறா சிறிய சுறா என்பதால் பெரிய சுறாவைவிட மேல். ஆனாலும் தினமும் வேண்டாம். அதே பூண்டு மிளகுப் பக்குவத்தில் சின்னக் காரப்பொடி குழம்பு வைத்துக் கொடுக்கலாம்.

கடைசியாக, அரிவாள்மனை. பிசிபி, டையாக்சின் இரண்டும் கொழுப்பில் தங்குபவை. மீனின் தோலுக்கு அடியிலும் வயிற்று மடிப்பிலும் ஈரலிலும் குவியும். மீனை வகுந்ததும் குடலை மட்டும் எடுத்து நிறுத்திவிடாமல், வயிற்றுப் பக்கத்தின் மஞ்சள் கொழுப்பையும் ஈரலையும் வழித்து எடுங்கள். நண்டை உடைத்தால் ஓட்டுக்குள் மஞ்சளாகக் குழைந்திருக்குமே, குழந்தைகள் சண்டை போட்டு நக்குவது, அதுதான் நண்டின் ஈரல். காட்மியமும் பிசிபியும் நண்டில் அதிகம் சேரும் இடம் அது. இறாலின் தலையும் அப்படித்தான். இவற்றை எறிவது மனத்துக்குக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆற்று நண்டு என்றால் கட்டாயம் எறியுங்கள்.

நான்காம் படி: நாட்டுக்கோழி முட்டையும் குப்பை நெருப்பும்

இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. டையாக்சின் வீட்டுக்கு வெளியே பிறக்கிறது. பிவிசி குழாய்த் துண்டு, ஒயர், டயர், பிளாஸ்டிக் பை ஆகியவற்றைத் திறந்த வெளியில் எரிக்கும்போது உண்டாகிறது. சாம்பல் புல்லில் படிகிறது, மாடு மேய்கிறது, பாலின் கொழுப்பில் வருகிறது. கோழி மண்ணைக் கிளறிச் சாம்பலோடு கொத்துகிறது. முட்டையின் மஞ்சள் கருவில் வருகிறது. மனிதர்களுக்கு டையாக்சின் வருவதில் 90 சதவீதத்துக்கு மேல் உணவு வழியாகத்தான், அதிலும் இறைச்சி, பால், மீன் வழியாக என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எனவே நாட்டுக்கோழி முட்டை என்றாலே நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கோழி எங்கே மேய்கிறது என்று பாருங்கள். குப்பைமேட்டுக்கும் எரித்த இடத்துக்கும் அருகே மேயும் கோழியின் முட்டையைப் பெண் பிள்ளைக்குத் தினமும் கொடுக்காதீர்கள். போகிக்குப் பழைய டயரும் பிளாஸ்டிக் நாற்காலியும் எரிப்பதை உங்கள் தெருவிலாவது நிறுத்துங்கள். ஓலையும் பழந்துணியும் எரிந்தாலே போகி போகிதான்.

இத்தாலியின் செவெசோவில் 1976இல் ஆலை விபத்தில் டையாக்சின் மேகம் ஊர்மேல் படர்ந்தது. அங்கிருந்த பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, இரத்தத்தில் டையாக்சின் பத்து மடங்கு கூடும்போது மார்பகப் புற்றுநோய் ஆபத்து இரட்டிப்பானதாக 2002இல் கண்டது. பிற்காலத் தொடர் ஆய்வில் அந்தத் தொடர்பு வலுக்குறைந்தே தெரிந்தது. அது விபத்து அளவு. நம் தெருவின் புகை அதனோடு ஒப்பிடக்கூடியது இல்லைதான். ஆனால் இதைத் தடுக்க ஒரு காசும் செலவில்லை.

ஐந்தாம் படி: காய்கறி, கீரை, பழம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: மருந்து அடித்திருப்பார்கள் என்று பயந்து காய்கறியைக் குறைப்பது மிகப் பெரிய தவறு. காய்கறியால் வரும் நன்மை, அதில் மிஞ்சும் மருந்தால் வரக்கூடிய கேட்டைவிட அதிகம்.

இயற்கை வேளாண்மைக் காய்களால் புற்றுநோய் குறையுமா? பிரான்சில் சுமார் 69,000 பேரைக் கவனித்த ஆய்வு 2018இல் ஆம் என்றது. குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் குறைந்திருந்தது. இங்கிலாந்தில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கவனித்த ஆய்வு 2014இல் குறையவில்லை என்றது. இரண்டையும் வைத்துப் பார்க்கும்போது, கடன் வாங்கி ஆர்கானிக் வாங்கத் தேவையில்லை என்பதே என் முடிவு. வசதி இருந்தால், தோலோடும் இலையோடும் உண்பவற்றுக்கு மட்டும் அந்தப் பணத்தைச் செலவிடுங்கள்: கறிவேப்பிலை, கொத்தமல்லி, கீரை, திராட்சை. கறிவேப்பிலையை ஒரு தொட்டியில் வளர்த்துக்கொண்டால் அந்தச் செலவும் மிச்சம். பண்ருட்டிப் பலாவுக்கு இந்தக் கவலையே வேண்டாம். அந்த முள்தோலைத் தாண்டி மேற்பூச்சு உள்ளே போவது கடினம்.

கழுவும் முறை இது. முதலில் ஓடும் குழாய் நீரில் ஒரு நிமிடம் கையால் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி உப்போ, ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவோ கரைத்து, 12 முதல் 15 நிமிடம் ஊறவையுங்கள். அமெரிக்காவில் ஆப்பிளில் செய்த 2017ஆம் ஆண்டுச் சோதனையில் தோலின் மேல் இருந்த இரண்டு மருந்துகளை நீக்குவதில் வெறும் தண்ணீரைவிடச் சமையல் சோடாவே நன்றாக வேலை செய்தது. பின் மறுபடியும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். நறுக்குவதற்கு முன்பே கழுவ வேண்டும். நறுக்கிய பின் கழுவினால் சத்துதான் போகும். காலிஃபிளவரைப் பூப்பூவாகப் பிரித்துவிட்டு ஊறவையுங்கள். முட்டைக்கோஸின் வெளி இலைகள் இரண்டை உரித்துவிடுங்கள். செடியின் சாற்றுக்குள்ளேயே போகும் மருந்துகள் சில உண்டு. அவை எந்தக் கழுவலுக்கும் போகாது. அதற்கு ஒரே வழி, ஒரே காயைத் தினமும் வாங்காமல் மாற்றி மாற்றி வாங்குவது.

ஆறாம் படி: வறுவலின் நிறம்

2002 ஏப்ரலில் ஸ்வீடனின் உணவுத் துறை ஒரு செய்தியை வெளியிட்டது. உருளைக்கிழங்கு, ரொட்டி போன்ற மாவுப் பொருள்களை 120 டிகிரிக்கு மேல் வறுக்கும்போதும் சுடும்போதும் அக்ரிலமைடு என்ற பொருள் தானாகவே உண்டாகிறது என்பதே அது. யாரும் கலக்கவில்லை, அடுப்பிலேயே பிறக்கிறது. விலங்குகளில் இது புற்றுநோயை உண்டாக்குகிறது. பெண்களைப் பற்றிய ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. பலவற்றில் மார்பகத்தோடு தொடர்பு இல்லை. பிரான்சில் சுமார் 80,000 பெண்களைக் கவனித்து 2022இல் வெளியான ஆய்வில், மாதவிடாய் நிற்காத பெண்களிடம் தொடர்பு தெரிந்தது. மறுபடியும் இளம் வயது என்பதைக் கவனியுங்கள்.

இதற்குச் செய்ய வேண்டியது எளிது. உருளைக்கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் அதன் மாவு சர்க்கரையாக மாறி, வறுக்கும்போது அக்ரிலமைடு கூடும். நறுக்கிய துண்டுகளைத் தண்ணீரில் கால் மணி முதல் அரை மணி நேரம் ஊறவைத்து, ஈரம் துடைத்து வறுங்கள். பொன்னிறத்தில் எடுங்கள். கருகிய முறுக்கையும் தீய்ந்த ரொட்டியின் ஓரத்தையும் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். புதுச்சேரி பேக்கரிகளில் நீள ரொட்டி வாங்குபவர்கள் வெளிறிய நிறத்தில் உள்ளதைக் கேட்டு வாங்கலாம். வேகவைத்த பண்டத்தில் இந்தப் பிரச்சினையே இல்லை. இட்லி, புட்டு, கொழுக்கட்டை, சுண்டல் என்று நம் அடுப்பில் பாதி ஆவியில்தானே நடக்கிறது. சில்வர் பீச்சில் பிள்ளைக்கு பஜ்ஜி வேண்டுமா, சுண்டல் வேண்டுமா என்றால் சுண்டல்.

எண்ணெயைப் பொறுத்தவரை, பொரித்த எண்ணெயில் சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது 2018 ஜூலை முதல் சட்டம். வீட்டில் அளக்கக் கருவி இல்லை. ஆனால் எண்ணெய் கறுத்து, நுரைத்து, குளிர்ந்த பின் பிசுபிசுத்தால் அது முடிந்துவிட்டது. ஒரு முறை பொரித்த எண்ணெயை வடிகட்டித் தாளிக்க மட்டும் ஓரிரு நாளில் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள்.

ஏழாம் படி: சூடான சாம்பாரும் பிளாஸ்டிக் பையும்

பிஸ்பீனால் ஏ என்பது கெட்டியான பிளாஸ்டிக்கிலும் டப்பா உணவின் உட்பூச்சிலும் இருக்கும் பொருள். ஈஸ்ட்ரோஜனைப் போல நடிக்கும் குணம் இதற்கு உண்டு. விலங்குகளில் மார்பக வளர்ச்சியையே மாற்றுகிறது. பெண்களிடம் புற்றுநோய்த் தொடர்பு இன்னும் உறுதியாகவில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு முகமை 2023இல் இதன் அன்றாடப் பாதுகாப்பு அளவை இருபதாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. அதன் பிறகு உணவைத் தொடும் பொருள்களில் இதைத் தடை செய்யும் சட்டத்தையும் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்தது. மெல்லிய பைகளில் பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் வேறு பொருள்கள் இருக்கலாம். சூடு, எண்ணெய், புளி மூன்றும் சேர்ந்தால் எதுவும் உணவுக்குள் வேகமாக இறங்கும். சாம்பார் என்பது இந்த மூன்றும்தான்.

சித்தி வீட்டில் பரணில் கிடந்த எவர்சில்வர் தூக்கு இப்போது வாசல் ஆணியில் தொங்குகிறது. ஓட்டலுக்குப் போகும் யாரும் அதை எடுக்காமல் போவதில்லை. ஊறுகாயைப் பீங்கான் ஜாடிக்கு மாற்றுங்கள். பழைய பிளாஸ்டிக் டப்பாவில் எண்ணெய் ஊற்றி வைக்காதீர்கள். மைக்ரோவேவில் கண்ணாடிப் பாத்திரம். வடையைச் செய்தித்தாளில் மடிக்க வேண்டாம். அது விதிப்படியும் கூடாது. வாழை இலை நறுக்கு கேட்டு வாங்குங்கள்.

எட்டாம் படி: அரிசி, மசாலா

அரிசியில் காட்மியமும் ஆர்சனிக்கும் மண்ணிலிருந்து வரும். மாதவிடாய் நின்ற பெண்களிடம் உணவுக் காட்மியத்துக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாக ஸ்வீடன் ஆய்வு ஒன்று 2012இல் சொன்னது. அமெரிக்க ஆய்வுகள் இல்லை என்றன. நிறைய தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சி வடித்தால் ஆர்சனிக் நன்கு குறைகிறது. குக்கர் வந்ததும் நாம் விட்ட பழக்கம் அது.

மசாலாவில் எத்திலீன் ஆக்சைடு. கிருமி நீக்கப் பயன்படும் வாயு. 2024 ஏப்ரலில் ஹாங்காங்கில் சில இந்திய மசாலாக் கலவைகளின் விற்பனையை இதனால்தான் நிறுத்தினார்கள். அமெரிக்காவில் இந்த வாயுவோடு வேலை செய்த பெண்களிடம், அதிகம் சுவாசித்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடியிருந்தது. மிளகாயும் மல்லியும் முழுதாக வாங்கி, வெயிலில் காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்ளும் வீட்டுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

ஒன்பதாம் படி: அடுப்படியால் முடியாதது

உப்பனாற்றில் வந்து சேர்வதை எந்த வீட்டு உப்புத் தண்ணீரும் கழுவாது. இதை மறைத்துவிட்டுச் சமையலறைக் குறிப்புகள் மட்டும் கொடுத்தால், சித்தியின் கேள்விக்கு "ஆம், நீதான்" என்று பதில் சொன்னதாகிவிடும். சிப்காட் பகுதி ஊர்க்காரர்கள் தாங்களே பயிற்சி பெற்று, வாளிக்குள் வைத்த பையில் காற்றைப் பிடிக்கும் வாளி முறையில் காற்று மாதிரி எடுத்து, நாற்றம் வந்த நேரத்தைக் குறித்துவைத்துப் புகார் கொடுத்துவந்திருக்கிறார்கள். அதே முறையை உணவுக்கும் பின்பற்றுங்கள். ஆற்றில் மீன் செத்து மிதந்தால் நாள், நேரம், இடம், படம் நான்கையும் குறித்துக்கொண்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கும் எழுத்து மூலம் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள். கலப்படம் என்று சந்தேகித்தால், பில்லோடும் மிச்சப் பொருளோடும் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் போங்கள்.

பத்தாம் படி: கையால் தொட்டுப் பாருங்கள்

மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்த பெண்ணுக்கும் இந்த நோய் வரலாம். மாதவிடாய் தொடங்கியதிலிருந்து ஏழு முதல் பத்து நாட்களில், மாதவிடாய் நின்றவர்கள் மாதத்தில் ஒரு குறித்த தேதியில், குளிக்கும்போது விரல்களின் உட்புறத்தால் மார்பகத்தையும் அக்குளையும் வட்டமாகத் தடவிப் பாருங்கள். வலியில்லாத கட்டி, தோல் ஆரஞ்சுத் தோல் போல் குழிவது, காம்பு உள்ளே இழுப்பது, காம்பிலிருந்து இரத்தம் கலந்த நீர் கசிவது, அக்குள் கட்டி: இவற்றில் எதைக் கண்டாலும் அந்த வாரமே மருத்துவரிடம் போக வேண்டும். வலித்தால்தான் நோய் என்று காத்திருந்தவர் என் சித்தி. ஆறு மாதம் காத்திருந்தார்.

முப்பது வயதுக்கு மேல் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பயிற்சி பெற்றவர்கள் மார்பகத்தைப் பரிசோதிப்பார்கள். மேல்சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. அம்மா, அக்கா, சித்தி யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால் அதை முதல் வாக்கியத்திலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். பரிசோதனை எந்த வயதில் தொடங்க வேண்டும் என்பது அதனால் மாறும்.

சித்திக்குச் சிகிச்சை முடிந்துவிட்டது. என் மகளுக்கு இப்போது பதினொரு வயது. வியாழக்கிழமைகளில் சித்தி நெத்திலி வாங்கி, திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தலை கிள்ளி, குடல் எடுத்து, கல்லுப்பு போட்டு மூன்று தண்ணீரில் அலசுகிறார். குழம்பு இறக்கியதும் முதல் கரண்டி அவளுக்கு.